சளி மூக்கைத் தாண்டும்போது

சாதாரணச் சளியை உண்டாக்கும் வைரஸ்கள் 200க்கும் மேற்பட்டவை. அவற்றில் முதலிடம் வகிக்கும் ரைனோவைரஸில் மட்டும் 160க்கும் மேற்பட்ட வகைகள் இனங்காணப்பட்டுள்ளன. ஒரு வகைக்கு எதிராக உடல் பெற்ற எதிர்ப்பாற்றல் அடுத்த வகையைத் தடுக்கப் போதாததால், வளர்ந்தவர்களுக்கு ஆண்டில் இரண்டு மூன்று முறையும் பள்ளிச் சிறுவர்களுக்கு அதைவிடக் கூடுதலாகவும் சளி பிடிப்பது வழக்கம். இவ்வளவு பழகிப்போன ஒரு நோய்க்கு மருத்துவரைத் தேடிப் போக வேண்டியதில்லை என்று மக்கள் நினைப்பதில் தவறில்லை. பெரும்பாலான சளிக்கு ஓய்வும் வெந்நீரும் போதும். சிக்கல் எழுவது, மூக்கொழுகலுக்கும் தும்மலுக்கும் நடுவிலோ அவை அடங்கிய சில நாட்களுக்குப் பின்னரோ, பழக்கமில்லாத ஓர் உணர்வு தலைகாட்டும்போதுதான்: கன்னம் மரத்துப்போகிறது, ஒரு காது திடீரென்று கேட்காமல் போகிறது, கால்விரல்களில் ஊசி குத்துவது போலிருக்கிறது, தாளிக்கும் வாசனை தெரியவில்லை, தரை சாய்வது போலத் தோன்றுகிறது. இவற்றில் பல, சளியின் இயல்பான விளைவுகளே. சில, சளியோடு தொடர்பே இல்லாத வேறு நோயின் முதல் அடையாளங்கள். இன்னும் சில, சளியின்போது கிளர்ந்தெழுந்த எதிர்ப்பாற்றல் உடலின் சொந்த நரம்பையே தாக்கத் தொடங்கியதன் அறிகுறிகள். இவற்றைப் பிரித்தறியத் தொடக்கத்தில் எந்தக் கருவியும் வேண்டியதில்லை. அந்த உணர்வு எந்த இடத்தில், எந்தப் பக்கத்தில், எந்த நாளில் தொடங்கியது, அதன்பின் எந்தத் திசையில் நகர்கிறது, அதனால் ஏதேனும் ஒரு செயல் இயலாமல் போயிற்றா என்பதைக் கவனித்தாலே விடையின் பெரும்பகுதி கிடைத்துவிடும்.

இதற்குச் சளியின் இயல்பான போக்கை முதலில் அறிந்திருக்க வேண்டும். அந்தப் போக்கு மிக நுணுக்கமாகப் பதிவு செய்யப்பட்ட ஓர் இடம் இங்கிலாந்தின் சாலிஸ்பரி நகருக்கு அருகே இருந்த சளி ஆய்வு நிலையம். 1946இல் தொடங்கி நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக இயங்கிய அங்கே, தாமாக முன்வந்தவர்களைத் தனித்தனிக் குடியிருப்புகளில் தங்கவைத்து, மூக்கில் வைரஸ் கலந்த துளிகளை விட்டு, நாள்தோறும் அவர்களுடைய அறிகுறிகளைக் குறித்துவந்தார்கள். ஈர உடையுடன் குளிர்ந்த காற்றில் நிற்கவைத்துப் பார்த்தபோதும் வைரஸ் இல்லாமல் வெறும் குளிரால் மட்டும் சளி உண்டாகவில்லை என்று தெரிந்தது, மழையில் நனைந்ததையே எல்லாவற்றுக்கும் காரணமாகச் சொல்லும் நம் வீடுகள் கேட்டுக்கொள்ள வேண்டிய செய்தி. தொண்டைக் கரகரப்பில் தொடங்கி, இரண்டாம் மூன்றாம் நாளில் உச்சத்தை அடைந்து, ஏழு முதல் பத்து நாட்களுக்குள் படிப்படியாகத் தணிவதே சளியின் பொதுவான பாதை. இருமல் மட்டும் மூன்று வாரம் வரை பின்தங்கலாம். மூன்றாம் நாளுக்குப் பின் சளி கெட்டியாகிப் பச்சை நிறமாவதைக் கண்டு பலர் கிருமித்தொற்று முற்றிவிட்டதாக அஞ்சி ஆன்டிபயாட்டிக் கேட்கிறார்கள். அந்த நிறம், வைரஸை எதிர்க்க வந்த வெள்ளையணுக்களில் உள்ள, இரும்புச்சத்து கொண்ட ஒரு நொதியின் நிறம். அதை மட்டும் வைத்துப் பாக்டீரியாத் தொற்று என்று முடிவு செய்ய இயலாது. நிறத்தைவிடப் பாதையே முக்கியம்: பத்து நாட்களாகியும் சிறிதும் தணியாத சளி, அல்லது ஐந்தாம் ஆறாம் நாளில் நன்றாகத் தெளிந்து பின் மீண்டும் காய்ச்சலோடும் முகவலியோடும் திரும்பும் சளி, சைனஸ் எனப்படும் முகவெலும்புக் காற்றறைகளில் பாக்டீரியா குடியேறியிருக்கலாம் என்பதைச் சுட்டும்.

ரைனோவைரஸ் நெஞ்சின் வெப்பத்தைவிடக் குறைந்த, 33 டிகிரி செல்சியஸ் அளவிலான மூக்கின் வெப்பத்தில் நன்கு பெருகுகிறது. சளியின் ஆட்சி பெரும்பாலும் மூக்கு, தொண்டை, சைனஸ் அறைகள், நடுக்காது ஆகியவற்றுக்குள் அடங்கிவிடுவதற்கு இதுவும் ஒரு காரணம். இந்த எல்லைக்குள் தோன்றும் உணர்வுகள் விசித்திரமாக இருந்தாலும் விளக்கக்கூடியவை. தொண்டையின் மேற்பகுதியையும் நடுக்காதையும் இணைக்கும் குழாயின் வாய் வீங்கி மூடிக்கொள்வதால், காதுக்குள் பஞ்சு அடைத்தது போன்ற கனமும், விழுங்கும்போது 'பட்'டென்ற ஓசையும், சொந்தக் குரலே பானைக்குள்ளிருந்து வருவது போன்ற எதிரொலியும் உண்டாகின்றன. சைனஸ் அறைகளின் வாய் அடைபட்டால், குனியும்போது கன்னத்திலும் நெற்றியிலும் பாரம் இறங்குகிறது. மேல்தாடைப் பற்களின் வேர்கள் கன்னத்துச் சைனஸுக்கு மிக நெருக்கமாக இருப்பதால் நல்ல பற்களும் கூசுகின்றன. இவ்வுணர்வுகள் மூக்கடைப்போடு கூடவே வந்து, அதனோடு கூடவே குறையும்.

மருந்துகள் உண்டாக்கும் உணர்வுகளைத் தனியாகக் குறிப்பிட்டாக வேண்டும், ஏனெனில் மருந்துக்கடையில் 'சளி மாத்திரை' என்று கேட்டு வாங்கப்படும் மாத்திரையில் பெரும்பாலும் இரண்டு மூன்று மருந்துகள் ஒன்றாகச் சேர்ந்திருப்பதை வாங்குவோர் அறிவதில்லை. அதிலுள்ள குளோர்பெனிரமின் தூக்கத்தையும் வாய் வறட்சியையும் தலைபாரத்தையும், ப்ராஸ்டேட் வீக்கமுள்ள முதியவர்களுக்குச் சிறுநீர் இறங்காமையையும் தரும். மூக்கின் இரத்தக் குழாய்களைச் சுருக்கும் பினைலெப்ரின் போன்ற மருந்து சிலருக்குப் படபடப்பையும் கை நடுக்கத்தையும் தரும். குளோர்பெனிரமினையும் பினைலெப்ரினையும் சேர்த்த கலவையை நான்கு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குத் தரக் கூடாது என்ற எச்சரிக்கையை உறையில் அச்சிட வேண்டுமென்று இந்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2023இல் ஆணையிட்டது. மூக்கடைப்புச் சொட்டு மருந்தை ஒரு வாரத்துக்கு மேல் தொடர்ந்தால், மருந்தின் வேகம் குறையும்போதெல்லாம் அடைப்பு முன்னைவிடக் கடுமையாகத் திரும்பி, சளி போனபின்னும் அடைப்பு போகாத ஒரு நிலை ஏற்படுகிறது. வேகமாக மூச்சு வாங்குவது மருந்தில்லாமலே இப்படியோர் உணர்வை உண்டாக்கும்: மூக்கடைத்த அச்சத்தில் ஒருவர் ஆழ்ந்து விரைந்து மூச்சுவிடும்போது இரத்தத்தில் கரியமில வாயு குறைந்து, அதனால் நரம்புகளுக்குக் கிடைக்கும் கால்சியமும் குறைந்து, உதட்டைச் சுற்றியும் இரு கைகளின் விரல் நுனிகளிலும் ஒரே நேரத்தில் குறுகுறுப்பு எழும், மூச்சு நிதானமானால் சிறிது நேரத்தில் அது மறைந்துவிடும்.

மணம் தெரியாமல் போவதும் பெரும்பாலும் அடைப்பின் விளைவே. மணத்துகள்கள் மூக்கின் கூரையில் உள்ள சிறிய உணர்படலத்தை எட்டினால்தான் மணம் தெரியும். சளியின் வீக்கம் அந்த வழியை மறிக்கிறது. ஆனால் மூக்கு திறந்திருந்தும், மூச்சு தாராளமாக உள்ளே போயும், காப்பியும் பெருங்காயமும் மணக்கவில்லையென்றால், வைரஸ் அந்த உணர்படலத்தையே தாக்கியிருக்கிறது என்று பொருள். கோவிட் தொற்று இதைப் பரவலாக அறியச் செய்தது: அந்த வைரஸ் மணத்தை உணரும் நரம்புச் செல்களைவிட, அவற்றைத் தாங்கிநிற்கும் துணைச் செல்களையே முதன்மையாகத் தாக்குவதால், பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் மணவுணர்வு மீண்டது, மீளும் வழியில் சிலருக்கு நல்ல உணவும் கருகியது போலவோ அழுகியது போலவோ நாறியது. ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் தாமஸ் ஹம்மல் என்ற மருத்துவ ஆய்வாளரின் குழு 2009இல் வெளியிட்ட எளிய பயிற்சி, ரோஜா, யூகலிப்டஸ், எலுமிச்சை, கிராம்பு ஆகிய நான்கு மணங்களைக் காலையும் மாலையும் பன்னிரண்டு வாரங்கள் கவனத்தோடு முகர்வது, இன்றும் உலகெங்கும் பரிந்துரைக்கப்படுகிறது. சளி நீங்கிச் சில வாரங்கள் கழிந்தும் மணவுணர்வு திரும்பாதவர் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பார்ப்பது நல்லது. அதுவரை சமையல் எரிவாயுக் கசிவை முகர்ந்தறிய முடியாது என்பதை வீட்டார் நினைவில் கொள்ள வேண்டும்.

காதின் நிலைமை அவ்வளவு பொறுமைக்கு இடம் தருவதில்லை. சளிக்காரருக்குக் காதடைப்பு மிகவும் பழக்கமானது என்பதாலேயே, மருத்துவத்தில் அவசரமாகக் கருதப்படும் ஒரு நோய் அதன் பின்னே மறைந்துகொள்கிறது. உள்காதில் உள்ள நத்தைக்கூடு போன்ற உறுப்போ அதிலிருந்து மூளைக்குச் செல்லும் நரம்போ திடீரெனச் செயலிழந்து, மூன்று நாட்களுக்குள் குறைந்தது 30 டெசிபல் அளவுக்குக் கேட்கும் திறன் இறங்கிவிடுவதைத் திடீர் நரம்புவழிக் காதுகேளாமை என்கிறார்கள். இது பெரும்பாலும் ஒரே காதில் நிகழும். பலர் காலையில் எழும்போதோ தொலைபேசியை அந்தக் காதில் வைக்கும்போதோதான் இதைக் கண்டுகொள்கிறார்கள். இரைச்சலும் தலைசுற்றலும் கூட வரலாம். நோயாளிக்குத் தோன்றுவதோ வெறும் அடைப்பு. ஆகையால் ஆவி பிடிப்பதிலும் எண்ணெய் விடுவதிலும் காது மெழுகுக்குச் சொட்டு மருந்து விடுவதிலும் வாரங்கள் கழிகின்றன. ஸ்டீராய்டு மருந்தால் பயன் கிடைக்க வாய்ப்பு அதிகம் உள்ள காலம் முதல் இரண்டு வாரங்களே என்பதுதான் இதில் வருந்தத்தக்கது. அந்த மருந்தின் பயன் எல்லாருக்கும் உறுதியானதன்று. இருந்தும் அந்த வாய்ப்பையாவது நோயாளி இழக்காமலிருக்க வேண்டும்.

அடைப்பையும் நரம்புப் பழுதையும் வீட்டிலேயே ஓரளவு பிரித்தறிய ஓர் எளிய வழி உண்டு. வாயை மூடிக்கொண்டு 'ம்ம்ம்' என்று தாழ்ந்த குரலில் முனக வேண்டும். நல்ல காது உள்ளவர் ஒரு காதை விரலால் பொத்திக்கொண்டு இதைச் செய்தால், ஓசை பொத்திய காதின் பக்கமே ஓங்கி ஒலிப்பதை உடனே உணர்வார். எலும்பின் வழியே உள்காதை அடையும் ஓசை, வெளியோசையின் குறுக்கீடு நின்று, வெளியேறும் வழியும் மறிக்கப்படுவதால் வலுக்கிறது. அதுபோலவே சளியால் அடைபட்ட காதுள்ளவர் முனகினால் ஓசை அந்த அடைபட்ட காதிலேயே கூடுதலாகக் கேட்கும், அச்சம் குறைவு. மாறாக, கேட்காத காதை விட்டு நல்ல காதின் பக்கம் ஓசை ஒதுங்கினால், கெட்டது நரம்பாக இருக்கலாம். அவர் அன்றோ மறுநாளோ கேட்டல் சோதனை செய்யும் வசதியுள்ள மருத்துவரிடம் போய்ச் சேர வேண்டும். ஜெர்மானிய அறிஞர் எர்ன்ஸ்ட் ஹைன்ரிஷ் வேபர் 19ஆம் நூற்றாண்டில் விவரித்த கோட்பாடு இதுதான். நெற்றியின் நடுவே 512 ஹெர்ட்ஸ் இசைக்கவையை வைத்துக் காது மருத்துவர்கள் இன்றும் செய்யும் சோதனைக்கு அவருடைய பெயரே வழங்குகிறது. முனகல் சோதனை அந்த இசைக்கவைக்கு முழு மாற்றாகாது; ஐயம் இருந்தால் ஐயத்தின் பக்கம் சாய்ந்து மருத்துவரிடம் போவதே சரி.

முகம் ஒரு பக்கம் தொங்கிப்போவதைத் தமிழகத்தில் 'காற்று பட்டு வாய் கோணிவிட்டது' என்பார்கள். இரவுப் பேருந்தின் சன்னலோரப் பயணம் பலமுறை இதற்குப் பொறுப்பாக்கப்பட்டிருக்கிறது. முகத்தசைகளை இயக்கும் ஏழாம் மண்டை நரம்பு, காதுக்குப் பின்னே ஒரு குறுகிய எலும்புக் குழாய்க்குள் நெடுந்தூரம் செல்கிறது. அங்கே வீங்கினால் விரிய இடமில்லாமல் நசுங்குகிறது. நெடுங்காலம் உறங்கிக்கிடந்த ஹெர்பீஸ் வகை வைரஸ் விழித்தெழுவதே அவ்வீக்கத்துக்குக் காரணமாகப் பல ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். இந்த முகவாதத்துக்கு முன்னோடியாகக் காதின் பின்புறம் வலி, நாவின் முன்பகுதியில் சுவைக்குறைவு, ஒரு காதில் மட்டும் ஓசைகள் அளவுக்கு மீறி உரத்துக் கேட்பது போன்ற விசித்திர உணர்வுகள் வரக்கூடும். சுவை நரம்பும், நடுக்காதின் மிகச் சிறிய தசையை இயக்கும் நரம்பிழையும் அதே குழாய் வழியே செல்வதே இதற்குக் காரணம். ஸ்காட்லாந்தில் நடந்து 2007இல் வெளியான ஆய்வொன்றில், 72 மணி நேரத்துக்குள் பிரட்னிசலோன் என்ற ஸ்டீராய்டைத் தொடங்கியவர்களில் ஏறத்தாழ 94 விழுக்காட்டினர் ஒன்பது மாதங்களில் முழுமையாகக் குணமடைந்தார்கள். அந்த மருந்து பெறாதவர்களில் அது ஏறத்தாழ 82 விழுக்காடு. காதுமடலில் கொப்புளங்களும் சேர்ந்திருந்தால் அது சின்னம்மை வைரஸின் வேலை. அதற்குத் தனி மருந்து வேண்டும். ஆனால் இத்தனைக்கும் முன்னே தீர்க்க வேண்டிய கேள்வி, இது நரம்பா மூளையா என்பது. பக்கவாதத்தில் நெற்றி பெரும்பாலும் தப்பிவிடும், ஏனெனில் நெற்றித் தசைகளுக்கு மூளையின் இரு பக்கங்களிலிருந்தும் ஆணை வருகிறது. வாய் கோணியிருந்தும் இரு புருவங்களையும் சமமாக உயர்த்த முடிகிறவருக்கு, அல்லது கையும் பேச்சும் கூடவே தளர்ந்தவருக்கு, மூளையின் அடைப்பைக் கரைக்கும் மருந்துக்கான அவகாசம் நாலரை மணி நேரமே. வீட்டில் இருப்போர் புருவத்தைப் பார்த்து நேரம் கழிக்காமல் 108 ஆம்புலன்ஸை அழைத்துவிட்டு, பிறகு பார்க்கட்டும்.

இவை யாவற்றிலும் காலத்தால் மிகத் தந்திரமானது கில்லன்-பாரே நோய்க்குறி. சளி வந்து, போய், மறந்தும்போன பிறகு, ஒன்று முதல் நான்கு வாரங்களில் இது தலையெடுக்கிறது. நோயாளிகளில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் அதற்கு முந்தைய ஆறு வாரங்களுக்குள் சளிக்காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ கண்டவர்கள். பிரான்சின் மருத்துவர் லாண்ட்ரி 1859இலேயே ஏறிவரும் செயலிழப்பு என்று இதை விவரித்திருந்தார்; முதல் உலகப் போரின் நடுவே 1916இல் கில்லன், பாரே, ஸ்த்ரோல் என்ற மூன்று மருத்துவர்கள், தளர்ந்துபோன இரு படைவீரர்களின் முதுகுத்தண்டு நீரில் அணுக்கள் பெருகாமல் புரதம் மட்டும் மிகுந்திருப்பதைக் கண்டறிந்தார்கள். அந்தக் கண்டுபிடிப்பு இன்றும் நோயறிதலின் ஒரு தூண். எனினும் முதல் வாரத்தில் அந்தப் புரதம் இயல்பாகவே இருக்கலாம் என்பதால், சோதனை முடிவு நன்றாக இருப்பது நோய் இல்லை என்பதற்குச் சான்றாகாது. நுண்ணுயிரியின் மேற்பரப்பில் உள்ள சில சர்க்கரை அமைப்புகள் மனித நரம்புகளின் உறையில் உள்ளவற்றை ஒத்திருப்பதால், நுண்ணுயிரிக்கு எதிராக உடல் உருவாக்கிய எதிர்ப்பொருள்கள் நரம்பையே பகையென்று கொண்டு தாக்குகின்றன. கேம்பைலோபாக்டர் ஜெஜுனி என்ற குடல் பாக்டீரியாவில் இந்த ஒப்புமை மிகத் தெளிவாக நிறுவப்பட்டுள்ளது. 2025இன் தொடக்கத்தில் புனே நகரில் 200க்கும் மேற்பட்டோர் இந்நோய் என்ற ஐயத்தோடு பதிவானபோது, ஐயம் விழுந்ததும் அசுத்தக் குடிநீரின் மீதும் அந்தப் பாக்டீரியாவின் மீதும்தான். மைக்கோபிளாஸ்மா, இன்ஃப்ளுயன்சா போன்ற சுவாசத் தொற்றுகளும் இதற்கு முன்னோடியாவதுண்டு. ஆண்டுக்கு லட்சத்தில் ஒருவர் இருவருக்கே வரும் அரிய நோய் இது; சளி பிடித்த ஒவ்வொருவரும் இதை எண்ணி அஞ்ச வேண்டியதில்லை.

ஆனால் அதன் தொடக்கத்தை அறிந்திருப்பது உயிரைக் காக்கும். முதலில் இரு பாதங்களிலும் ஒரே சீராகக் குறுகுறுப்போ மதமதப்போ தோன்றும். பலருக்கு இடுப்பிலும் முதுகிலும் கடுமையான வலி இருக்கும், அதைக் காய்ச்சலின் உடல்வலி என்றே எண்ணுவார்கள். அடுத்து, நடக்கும்போது செருப்பு காலில் நிற்காமல் நழுவுகிறது. பேருந்துப் படியில் ஏறக் கம்பியைப் பிடித்து உடலை இழுக்க வேண்டியிருக்கிறது. தரையில் அமர்ந்தவர் கையூன்றாமல் எழ முடியவில்லை. சில நாட்களில் சட்டைப் பொத்தானைப் போடும் விரல்களும் தடுமாறுகின்றன. கீழிருந்து மேலேறும் இந்தத் திசையும், இரு பக்கமும் ஒத்திருப்பதும், உணர்விலிருந்து தளர்ச்சிக்கு மாறுவதுமே இதன் முத்திரை. முழங்காலில் தட்டினால் கால் உதறும் அனிச்சைச் செயல் மறைந்துபோவதை மருத்துவர் ஒரு சிறு சுத்தியலால் கண்டறிகிறார். நோய் பெரும்பாலும் இரண்டு வாரங்களுக்குள்ளும், அதிகம் போனால் நான்கு வாரங்களுக்குள்ளும் உச்சத்தை எட்டும். நோயாளிகளில் 20 முதல் 30 விழுக்காட்டினருக்கு மூச்சுத் தசைகள் தளர்ந்து செயற்கைச் சுவாசம் தேவைப்படுகிறது. அந்தத் தளர்ச்சி மூச்சுத்திணறலாக வெளியே தெரியும் முன்பே, ஒரே மூச்சில் சத்தமாக எத்தனை வரை எண்ண முடிகிறது என்பதில் தெரிந்துவிடும். நேற்றைய எண்ணிக்கையைவிட இன்றைய எண்ணிக்கை சுருங்கினால் அது உடனடியாகக் கவனிக்க வேண்டிய செய்தி. நாடித்துடிப்பும் இரத்த அழுத்தமும் தாறுமாறாக ஏறி இறங்குவதும் உண்டு என்பதால், நடக்க முடிகிற நோயாளியையும் மருத்துவமனையில் சேர்த்தே கண்காணிக்கிறார்கள். இரத்த நாளம் வழியாக இம்யூனோகுளோபுலின் எனும் எதிர்ப்பொருள் கலவையைச் செலுத்துவதும், பிளாஸ்மாவை மாற்றுவதும் இதற்குப் பயனளிக்கும் இரு சிகிச்சைகள். முகவாதத்தில் கைகொடுக்கும் ஸ்டீராய்டு இந்நோயில் பயன் தருவதில்லை என்பதால், மருந்துக்கடையில் தாமாக வாங்கி விழுங்குவது பயனற்றது மட்டுமன்றி நாட்களையும் விழுங்கிவிடும். பெரும்பாலோர் ஆறு மாதங்களுக்குள் தாமாக நடக்கத் தொடங்குகிறார்கள்.

இனி, சளியே அல்லாதவை. சர்க்கரை நோயாளிக்கு மூக்கின் ஒரு பக்கம் அடைத்து, அதே பக்கக் கன்னமோ மேலுதடோ மரத்துப்போய், பல் ஆடி, பொருள்கள் இரண்டிரண்டாகத் தெரியத் தொடங்கினால் அது சைனஸ் தொல்லை என்று ஒரு நாளும் தள்ளிப்போடக் கூடாது. 2021இன் கோடையில் கோவிட்டிலிருந்து மீண்ட ஆயிரக்கணக்கானோரை இந்தியா முழுவதும் தாக்கிய 'கருப்புப் பூஞ்சை' இப்படித்தான் தொடங்கியது. அந்தப் பூஞ்சை இரத்தக் குழாய்களுக்குள் வளர்ந்து திசுக்களை மடியச் செய்வதால், கண்ணுக்குக் கீழே முகத்துக்கு வரும் உணர்வு நரம்பு செத்துக் கன்னம் மரத்தது. மூக்கிலும் அண்ணத்திலும் கரிய பொருக்கு தோன்றுவது அதற்குப் பின்னரே. மரத்துப்போன நாளிலேயே வந்தவர்களுக்கும் பொருக்கைக் கண்டபின் வந்தவர்களுக்கும் இடையே ஒரு கண்ணின் வேறுபாடு இருந்திருக்கலாம். இன்னொன்று, குளியலறையில் எரிவாயு கீசர் வைத்திருக்கும் வீடுகளுக்குரியது: காற்றோட்டமில்லாத அறையில் சேரும் கார்பன் மோனாக்சைடு, தலைவலி, குமட்டல், கிறுகிறுப்பு, உடற்சோர்வு என்று சளிக்காய்ச்சலைப் போலவே தொடங்கும், ஆனால் காய்ச்சலோ மூக்கொழுகலோ இராது, வெளியே வந்தால் தெளிவதும், வீட்டில் பலருக்கு ஒரே நேரத்தில் வருவதும் அதைக் காட்டிக்கொடுக்கும். விரலில் மாட்டும் ஆக்சிஜன் மானி அந்த நச்சு வாயு ஏறிய இரத்தத்தையும் ஆக்சிஜன் ஏறியதாகவே கணக்கிட்டு நல்ல எண்ணைக் காட்டும் என்பதால், இங்கே அந்தக் கருவியை நம்பக் கூடாது.

நாய்க்கடியை இங்கே சேர்ப்பது பலருக்கு வியப்பாக இருக்கலாம். வெறிநாய்க்கடி நோயின் முதல் நாட்கள் காய்ச்சல், தொண்டைவலி, சோர்வு என்று சளியையே ஒத்திருக்கும். வேறுபடுத்தும் ஒரே உணர்வு, என்றோ ஆறிப்போன கடிவாயில் எழும் குறுகுறுப்பும் அரிப்பும் எரிச்சலும். அந்த நாளில் மருத்துவத்தால் செய்யக்கூடியது அநேகமாக ஒன்றுமில்லை. அறிகுறி தோன்றியபின் இந்நோயிலிருந்து உயிர்பிழைத்தவர்கள் உலகளவில் விரல்விட்டு எண்ணத்தக்கவர்களே. ஆகவே இந்த ஒரு நோயில் மட்டும் உணர்வுக்காகக் காத்திருப்பதே பிழை: கடித்த உடனே ஓடும் நீரில் சோப்பிட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே அரசு மருத்துவமனையில் இலவசமாகக் கிடைக்கும் தடுப்பூசியைத் தொடங்கி, தோல் கிழிந்து இரத்தம் வந்த கடியானால் காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலினும் போட்டுக்கொள்ள வேண்டும். சிறுவர்கள் நாய்க்குட்டி பிராண்டியதை வீட்டில் சொல்லப் பயந்து மறைப்பதுண்டு. திட்டாமல் கேட்கும் வீட்டில்தான் அது வெளிவரும்.

தலையில் அடிபட்டவருக்கோ மூக்கில் அறுவை செய்துகொண்டவருக்கோ ஒரே மூக்குத்துளையிலிருந்து, கோலமிடக் குனியும்போது, குழாய் சொட்டுவது போலத் தெளிந்த நீர் சொட்டி, தொண்டையில் உப்புக்கரித்தால், அது மூளையைச் சூழ்ந்துள்ள நீராக இருக்கலாம். மூக்குச் சளி பட்டுக் காய்ந்த கைக்குட்டை மொடமொடப்பாகும், இந்த நீர் பட்ட கைக்குட்டை அப்படி ஆகாது. உறுதிப்படுத்த ஆய்வகத்தில் பீட்டா-2 டிரான்ஸ்ஃபெரின் என்ற புரதத்தைத் தேடுவார்கள். குழந்தையின் ஒரு மூக்குத்துளையில் மட்டும் நாற்றமடிக்கும் சளி ஒழுகினால், அங்கே பட்டாணியோ மணியோ மாட்டியிருக்கிறதா என்று மருத்துவரைப் பார்க்கச் சொல்ல வேண்டும். பொத்தான் பேட்டரியாக இருந்தால் சில மணி நேரத்திலேயே மூக்கின் உட்சுவரை அரித்துவிடும்.

உடனடியாகப் புறப்பட வேண்டியவை சில உண்டு. அவற்றுக்கு நீண்ட விளக்கம் தேவையில்லை. கடும் தலைவலியோடு கழுத்து விறைத்து, வெளிச்சம் கூசி, நினைவு தடுமாறினால் அது மூளையுறை அழற்சியாக இருக்கலாம்; தோலில் செம்புள்ளிகள் தோன்றி, கண்ணாடிக் குவளையால் அழுத்தியும் மறையாதிருந்தால் ஒரு மணி நேரமும் தாமதிக்கலாகாது, கருநிறத் தோலில் அப்புள்ளிகளை உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் கண்ணிமையின் உட்புறத்திலும் தேட வேண்டும். விழுங்க முடியாமல் எச்சில் வழிவது, குரல் அமுங்கி ஒலிப்பது, வாயைத் திறக்க இயலாமை ஆகியவை தொண்டையின் ஆழத்தில் சீழோ மூச்சுவழி வீக்கமோ இருப்பதைக் காட்டும். தலைசுற்றலோடு நிற்கவே முடியாமை, இரட்டைப் பார்வை, பேச்சுக் குழறல் சேர்ந்தால் அதைக் காதுப் பிரச்சினை என்று விட்டுவிடக் கூடாது. நெஞ்சில் அழுத்தம், மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டுவது, படுக்கையிலிருக்கும்போதே படபடப்பு ஆகியவை வைரஸ் இதயத் தசையைத் தொட்டிருப்பதன் அடையாளமாகலாம். ஆக்சிஜன் அளவு 94க்குக் கீழ் இறங்கினாலும், ஒன்று முதல் ஐந்து வயதுக் குழந்தை நிமிடத்துக்கு 40 அல்லது அதற்கு மேலும், இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரையிலான குழந்தை 50 அல்லது அதற்கு மேலும் மூச்சுவிட்டாலும், நெஞ்சு உள்வாங்கினாலும் நிமோனியாவை ஐயுற வேண்டும். மழைக்காலத்தில் காய்ச்சல் தணியும் நாளில் வயிற்றுவலி, விடாத வாந்தி, ஈறில் இரத்தம் ஆகியவை வந்தால் டெங்குவின் ஆபத்துக் கட்டம் அப்போதுதான் தொடங்குகிறது. இவ்வளவு அவசரமில்லாவிட்டாலும், இரண்டு வாரத்துக்கு மேல் நீளும் இருமலுக்குச் சளிப் பரிசோதனை செய்து காசநோயைத் தேடுவது இந்தியாவின் காசநோய்த் திட்டம் வகுத்துள்ள விதி.

மருத்துவமனை வரை சென்றும் தவறிப்போகும் ஓர் இடம் இருக்கிறது. நெரிசல் மிகுந்த புறநோயாளிப் பிரிவில் ஒருவருக்குக் கிடைக்கும் சில நிமிடங்களில் 'நாலு நாளா சளி, காய்ச்சல்' என்று தொடங்கினால், எழுதப்படும் சீட்டு சளிக்கானதாகவே இருக்கும். கால் மதமதப்பையோ காது கேளாமையையோ சொல்ல நோயாளி தயங்கி, எழும்போது போகிறபோக்கில் சொல்வதும் சொல்லாமலே விடுவதும் நடக்கிறது. ஆகவே அந்த விசித்திர உணர்வையே முதல் வாக்கியமாகச் சொல்ல வேண்டும்: எந்தப் பக்கம், எந்தத் தேதியில், தூங்கி எழும்போதா நடக்கும்போதா, நேற்றைவிட இன்று எங்கே வரை ஏறியிருக்கிறது, நேற்று செய்ய முடிந்த எந்த வேலை இன்று முடியவில்லை என்பவற்றை அடுத்தும், கடந்த ஆறு வாரங்களில் வந்த சளி, வயிற்றுப்போக்கு, தடுப்பூசி, விலங்குக்கடி, தலையில் பட்ட அடி ஆகியவற்றை அதன்பின்னும் சொல்லி, விழுங்கிய மாத்திரைகளின் அட்டைகளை மேசைமேல் வைத்தால், மருத்துவரின் கை நாடியிலிருந்து சுத்தியலுக்கோ இசைக்கவைக்கோ தானே நகரும்.